காக்காவின் கட்டடத் தரையும் என் கணவரும்

அளவற்ற அருளாளனின் பெயர் சொல்லித் தொடங்குகிறேன். எங்கள் காக்கா இவ்வுலகை விட்டுப் போய் ஓராண்டாகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதித் தரும்படி அவருடைய மக்கள் கேட்டார்கள். அவருடைய ஒரே தங்கை நான். எழுத எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் காக்காவைத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்ததும் முதலில் தங்கள் செருப்பில் மணல் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

காக்கா நிந்தவூரில் பிறந்தார். நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போதே வாப்பா வபாத்தாகிவிட்டதால், குடும்பத்தின் பாரம் மூத்த பிள்ளையான அவர் தலையில் விழுந்தது. படிப்பை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போனார். அங்கே பெரிய கடைத்தொகுதி ஒன்றில் தரை பராமரிக்கும் வேலை. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. எனக்குரிய வீடு அந்த உழைப்பில்தான் எழும்பியது. அதற்குப் பிறகே அவர் தமக்கென்று கலியாணம் முடித்துக் கல்முனைக்குடிக்குப் போனார். பிரதான வீதியில் அந்த மாடிக் கட்டடத்தைக் கட்டியதும் அதன் பிறகுதான். கீழே வாடகைக் கடைகள், மேலே ஒரு மண்டபம், எல்லாவற்றுக்கும் சிறு கற்கள் பதித்து மெருகேற்றிய டெராசோ தரை.

அந்தத் தரைதான் காக்காவின் தலைப்பிள்ளை. கடற்கரை ஊரில் ஒவ்வொருவர் காலிலும் மணல் வரும். மணல்தான் தரையைத் தின்னும் என்பது அவர் கட்டாரில் படித்த பாடம். வாசலுக்கு வெளியே தும்புக் கால்மிதி, உள்ளே சீலைக் கால்மிதி. இரண்டையும் மிதிக்காமல் வருபவர் அமைச்சராக இருந்தாலும் திருப்பி அனுப்பப்படுவார். முதலில் தும்புத்தடியால் மணல் முழுவதையும் கூட்டி எடுக்க வேண்டும். மணலோடு சேர்த்துத் துடைத்தால் அது துடைப்பதல்ல, அரம் போடுவது என்பார். பிறகு மொப்பை நன்றாகப் பிழிந்து, உடனே காய்கிற அளவுக்கு மட்டும் ஈரம் காட்ட வேண்டும். அசிட் என்ற சொல்லையே அங்கே யாரும் வாயில் எடுக்கக் கூடாது. மயிரளவு வெடிப்புக் கண்டாலும் அன்றைக்கே பூசிவிடுவார். கதிரைக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி உறை போட்டிருந்தார்.

"எனக்கொரு செருப்பு வாங்கித் தர நேரமில்ல, கதிரைக்குச் சப்பாத்துத் தைக்கிறாரு" என்று மதினி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

காக்கா கோபக்காரர். மரியாதைக்காக அதை மறைத்து எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும். ஆனால் சொன்ன சொல், கேட்டவர் மனதில் தங்கிவிடும். அப்படித் தங்கிப்போன ஒரு சொல்லைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

காக்காவின் இளைய மகளின் கலியாணத்துக்கு மேல் மண்டபத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். என் கணவர் உதவிக்கு வந்திருந்தார். மூலையில் நின்ற இரும்பு அலுமாரியைத் தூக்க ஆள் வருமட்டும் காத்திருக்காமல், தனியே இழுத்துவிட்டார். தரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. காக்கா படியேறி வந்தார். மாப்பிள்ளை வீட்டாரும் அங்கே நின்றார்கள்.

"இது உங்கட வாப்பாட வயலா மச்சான், இப்பிடி உழுறீங்க?"

என் மாமனார் அட்டாளைச்சேனையில் வயல் செய்தவர். அவர் வபாத்தாகி அப்போது அதிக காலம் ஆகவில்லை. என் கணவர் அலுமாரியை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு பல வருடங்களாக அவர் அந்தக் கட்டடத்தை மிதிக்கவில்லை. பெருநாளில் கண்டால் இருவரும் ஸலாம் சொல்வார்கள். ஸலாமை விடக் கூடாது என்ற பயம் இருவருக்கும் இருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் நின்று இடிபட்டவள் நான். "பொறுத்துக்கங்கண்டு ஒரு சொல்லுக் கேட்டாக் கொறஞ்சா போவீங்க காக்கா?" என்றால், "தரை கீறினது அவரு, கேக்கிறது நானா?" என்பார். என் கணவரிடம் கதைத்தால், "என்னப் பேசியிருந்தாப் பறவாயில்ல, வாப்பாவ இழுத்திட்டாரே" என்பார். இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும். காக்கா இதோடு கப்றுக் குழிக்குப் போய்விடுவாரோ என்பதே என் பயமாக இருந்தது.

போன மாரியில் அவருக்கு இதயநோய் கடுமையானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என்னிடம் கேட்டது ஒன்றே: "மழ பெய்யிது தங்கச்சி, ஆரு தரையப் பாக்கிற?" வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அழுதேன். என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார். மறுநாள் காலை, காக்காவின் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரத் தம்பி எனக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, உங்கட அவர் இஞ்ச நிண்டு சேறு வழிக்கிறார். சொல்லிப் பாத்தம், மொப்பைத் தாறார் இல்ல."

காக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில் வாகனத்தைக் கட்டடத்தடியில் நிறுத்தச் சொன்னார். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனோம். இரண்டு கால்மிதியையும் மிதித்துத்தான் வந்தார். என் கணவர் மொப்போடு நின்றார். காக்கா தரையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தண்ணி கூடிப் போச்சி மச்சான். நல்லாப் புழியணும்."

"சரி மச்சான்."

அவ்வளவுதான். கட்டடச் சாவிக் கோர்வையை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, காக்கா வாகனத்தில் ஏறிவிட்டார். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான் எதிர்பார்த்திருந்த சொல்லை அவர் அன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்க அவகாசமும் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் ளுஹாத் தொழுகைக்குப் பிறகு, மதினியின் கையில் தண்ணீர் குடித்துவிட்டுச் சாய்ந்தவர், எழும்பவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

காக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதிமார், இரத்தம் தந்த இளைஞர்கள், குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்தியவர்கள், கொட்டும் மழையில் கப்று வெட்டியவர்கள், கடைகளைப் பூட்டிவிட்டு வந்து நின்ற வாடகைக்காரச் சகோதரர்கள், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு அனுப்பிய அயலவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களுக்குரிய கூலியை இறைவன் நிறைவாகத் தருவானாக.

இன்னும் ஒன்று கேட்க இருக்கிறது. ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன், மூத்த மருமகன் முற்றத்தில் நின்று வழக்கப்படி சொன்னார்: "எங்கட மாமா ஆரையும் ஒரு சொல்லாலயாவது நோவிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க." இப்படிச் சொல்லும்போது கூட்டம் வாய்க்குள் முணுமுணுப்பதுதான் வழக்கம். அன்று ஒரு குரல் மட்டும் உரத்துக் கேட்டது. உள்ளே பெண்களோடு இருந்த எனக்கு அது யாருடைய குரல் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சபையில் வாய் திறக்கவே கூச்சப்படும் மனிதர் அவர்.

"நான் பொறுத்திட்டன் மச்சான். என்ட வாப்பாக்காகவும் பொறுத்திட்டன்."

மணல் காலோடு வந்ததற்காக, குடையை உள்ளே உதறியதற்காக, வெற்றிலை துப்பியதற்காகக் காக்காவிடம் ஏச்சு வாங்கியவர்கள் இந்த மலரை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அவருக்குக் கேட்கத் தெரியாது. அவருக்காக நான் கேட்கிறேன், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.