ஆறு நோட்டுகளில் நான் வரைந்த வேல்

கழுகுமலைக்கு வருடாவருடம் நம்மோடு நடந்து வரும் அத்தனை பேருக்கும் வேலம்மாளின் வணக்கம். முருகன் எனக்குச் செய்ததை நம் குழுவின் மலரில் எழுதச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறீர்கள். எழுதுவது எனக்குப் பெரிய காரியமே இல்லை. காலேஜ் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த கை இது. அந்தக் கையால் இதை எழுதத்தான் கூச்சமாக இருந்தது.

முந்தின வருடம் மாசி மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். கோவில்பட்டியில் காலேஜுக்குப் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் ஜெராக்ஸ் கடை வாசலில் முத்துமாரி வந்து நின்றாள். பொருளியல் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். எப்போதும் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவள், அன்று படியேறவில்லை. முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, ஆறு நோட்டையும் மேடம் தனியா எடுத்து வச்சுட்டாவ. ஒரே ஆளு எழுதுனதுன்னு கண்டுபிடிச்சிட்டாவ. யாருன்னு கேக்காவ."

ஆறு நோட்டையும் எழுதியவள் நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாறு எம்.ஏ. தபாலில் படித்து முடித்தேன். வாத்தியார் வேலைக்கு அலைந்து பார்த்து, கிடைக்காமல், வீட்டுக்காரரின் கடையில் உட்கார்ந்துவிட்டேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு நாள் ஒரு பெண் தன் அசைன்மென்ட்டை எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நாலு பேர் வந்தார்கள். அப்புறம் எண்ணிக்கை இல்லை. தேவைக்கும் விலைக்கும் உள்ள தொடர்பு என்ன, தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை, பாண்டியர் காலத்து வணிகம் எப்படி, கூட்டுறவுச் சங்கங்களின் குறைகள் யாவை... எந்தப் பாடத்துக் கேள்வி வந்தாலும் புத்தகத்தைப் புரட்டுவேன், எழுதுவேன். விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் படம்கூடப் போட்டிருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சாய்த்து எழுதுவேன், இன்னொரு ஆளுக்கு உருட்டி எழுதுவேன், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குக் கறுப்பு. ஒரு பயலும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு அவ்வளவு திமிர்.

முத்துமாரி பசுவந்தனைப் பக்கத்துக் கிராமம். அப்பாவை அவள் அய்யா என்பாள். அவருக்குச் செம்மறியாடுகள் உண்டு. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். முதல் தடவை கடைக்கு வந்தபோது அவள் எழுதித் தரச் சொல்லவில்லை. அதை நன்றாகச் சொல்ல வேண்டும். "அக்கா, இந்தக் கேள்வி என்ன கேக்குதுன்னே எனக்கு வெளங்கல. கொஞ்சம் சொல்லித் தாங்களேன்" என்றுதான் கேட்டாள். கடையில் கூட்டம். எனக்குப் பொறுமை இல்லை. "சொல்லித் தாரதுக்கு எங்கட்டி நேரம்? நோட்ட வச்சிட்டுப் போ, நானே எழுதித் தாரேன்" என்று வாங்கி வைத்தேன். ஒரு பிள்ளைக்கு உதவி செய்துவிட்ட நினைப்பு வேறு எனக்கு. அதன் பிறகு மூன்று செமஸ்டர், அவளுக்கு வந்த அத்தனை கேள்விக்கும் நானே விடை எழுதினேன். பரீட்சையில் என்ன வாங்கினாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நாலாவது செமஸ்டரில் சுற்றுச்சூழல் பாடம். எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாடம் அது. 'உங்கள் பகுதியில் இயற்கை உரம் பயன்படும் முறையை விளக்குக' என்று கேள்வி. வெவ்வேறு துறையில் படிக்கும் ஐந்து பேர் தங்கள் நோட்டை முத்துமாரியிடம் கொடுத்து அனுப்பினார்கள். அவள்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கடையைத் தாண்டிப் போகிறவள். அவள் நோட்டோடு சேர்த்து ஆறு.

புத்தகத்தில் உள்ளபடி எழுதினேன். ஆட்டு எருவைக் குழியில் குவித்து, மக்க வைத்து, வயலில் இடுவார்கள் என்று. நோட்டை வாங்க வந்தவள் நின்றபடியே படித்துப் பார்த்தாள்.

"அக்கா, எங்க பக்கம் குழியில எல்லாம் போட மாட்டாவ. அறுப்பு முடிஞ்ச காட்டுல கிடை போடுவாவ. ஆட்ட அங்கனயே அடைச்சிப் போட்டா புழுக்க, மூத்திரம் எல்லாம் மண்ணுல எறங்கிரும். மறுநா சுத்தி அடைச்ச மூங்கில் படல வேற எடத்துக்கு மாத்துவாவ. புழுக்கைய விட மூத்திரந்தான் கரிச மண்ணுக்கு நல்லதுன்னு எங்கய்யா சொல்லும்."

நான் சிரித்தேன். "மூத்திரத்தையெல்லாம் காலேஜ்ல எழுத முடியுமாட்டி? புத்தகத்துல இருக்கத எழுதுனாத்தான் மார்க்கு."

அவள் தலையை ஆட்டிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்குக் காலேஜிலேயே நல்ல விடை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

நான் மாட்டியது எப்படித் தெரியுமா? எதை எழுதத் தொடங்கினாலும் முதல் பக்கத்து இடது மூலையில் சின்னதாக ஒரு வேல் வரைவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். வரையாமல் பேனா ஓடாது. கையெழுத்தை ஆறு விதமாக மாற்றியவள், மூலையில் வேல் வரைவதை விட மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை, வரைகிறேன் என்பதே எனக்குத் தெரியாது, கை தானாகப் போகும். மற்ற வருடங்களில் ஒவ்வொரு துறை நோட்டும் ஒவ்வொருவரிடம் போகும். அந்த வருடம் எல்லா நோட்டையும் ஒரே மேடம் திருத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பாடுகிற அந்தோணி என்ற பையனின் நோட்டிலும் மூலையில் வேல் இருந்திருக்கிறது. அந்தம்மாவுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியிருக்கிறது. மற்ற ஐந்தையும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

வாசலில் நின்ற முத்துமாரியிடம் நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "ஏட்டி, எம் பேர மட்டும் சொல்லிராத. காலேஜ் ஜெராக்ஸ் வேல பூராம் நம்ம கடைக்குத்தான் வருது. அண்ணாச்சி என்னக் கொன்னு போட்டுருவாவ." அண்ணாச்சி என்றது என் வீட்டுக்காரரை.

"சொல்ல மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றி வைத்து, "முருகா, என் பேர் வெளியே வரக் கூடாது" என்று அழுது கும்பிட்டேன். அந்த வேண்டுதலை முருகன் அப்படியே கேட்டுக்கொண்டான். என் பேர் வெளியே வரவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு அவன் சும்மா இருந்தான், அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று பிற்பாடுதான் புரிந்தது.

நாலைந்து நாள் கழித்து அந்தோணி ஜெராக்ஸ் எடுக்க வந்தான். "முத்துமாரிதான் எல்லாத்துக்கும் எழுதுனான்னு நாங்க சொல்லிட்டோம்க்கா. அவளும் ஆமான்னுட்டா" என்றான். தலை நிமிரவில்லை அவன். மற்ற ஐந்து பேரும் மன்னிப்புக் கேட்டு, வேறு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். முத்துமாரிக்கு மட்டும் அந்தப் பாடத்தில் இன்டர்னல் மார்க் பூஜ்யம். அய்யாவைக் கூட்டி வந்தால்தான் வகுப்பு, இல்லையென்றால் செமஸ்டர் பரீட்சையும் எழுத முடியாது. அவள் அய்யாவைக் கூட்டி வரவில்லை. காலேஜுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். புதியம்புத்தூரில் அவள் அத்தை துணி தைக்கிற யூனிட் ஒன்றில் இருக்கிறாள், அங்கே மிஷினில் உட்கார வைக்கப் பேச்சு நடக்கிறது என்றும் சொன்னான்.

அந்த வருடப் பங்குனி உத்திரத்துக்கு நான் உங்களோடு நடந்தது ஞாபகம் இருக்கும். விடியக் கிளம்பி நடந்தோம். எல்லோரும் பாடினீர்கள், நான் பாடவில்லை. காலில் கொப்புளமா என்று கேட்டீர்கள், ஆமாம் என்று பொய் சொன்னேன். மலையைக் குடைந்த அந்தச் சன்னிதியில் தீபாராதனை காட்டும்போது முருகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, வேலைத்தான் பார்த்தேன். நான் ஆறு நோட்டில் வரைந்த அதே வேல். நான் மறந்தாலும் அவன் மறக்காமல் கையெழுத்துப் போட வைத்திருக்கிறான் என்று தோன்றியது. அங்கேயே நின்று, "என் பேர் நாறினாலும் சரி, அந்தப் பிள்ளை படிக்கணும் முருகா. அதுக்கு எனக்கு வாயைத் திறக்கிற தைரியம் கொடு" என்று வேண்டினேன். என் வாழ்க்கையில் எனக்கென்று இல்லாமல் வேண்டியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "பஸ்ஸு பத்து மணிக்கு. கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கொன்று போடுவார் என்று நான் பயந்த மனுசன் அவர்.

முத்துமாரியின் அய்யா அறுப்பு முடிந்த பருத்திக் காட்டில் கிடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளும் ஒரு பக்கம் படலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் படலைக் கீழே போட்டுவிட்டாள். நான் நின்ற இடத்திலேயே, ஆறு நோட்டும் எழுதியவள் நான்தான், உங்கள் மகள் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள் என்று சொன்னேன். அந்தப் பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"எனக்குப் படிப்பு தெரியாது தாயி. எம் மக ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தான்னு காலேஜ்ல சொல்லுதாவ. அவ தன் நோட்டுலயே எழுதலன்னு நீ சொல்லுத. இதுல எதுக்கு நான் சந்தோசப்படணும்?"

அவர் காலில் விழப் போனேன், விலகிக்கொண்டார்.

"எங்கிட்ட அழுது என்ன செய்ய? அங்கன வந்து சொல்லு."

அடுத்த நாளே மூன்று பேரும் காலேஜுக்குப் போனோம். மேடம் ஆறு நோட்டையும் மேஜையில் பரப்பினார்கள். "நான்தான் மேடம்" என்றேன். நம்பாமல் பார்த்தார்கள். ஒரு தாளை வாங்கி மூலையில் ஒரு வேல் வரைந்து காட்டினேன். அந்தம்மா என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "எம்.ஏ. படிச்சிருக்கீங்க, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்கள்.

பிறகு முத்துமாரியைப் பார்த்து, "அதே கேள்வி. என் முன்னால உட்கார்ந்து எழுது" என்றார்கள். அவள் தாளை வாங்கிக்கொண்டு தயங்கினாள்.

"மேடம், புத்தகத்துல உள்ளபடி எழுதணுமா, எங்க ஊர்ல உள்ளபடியா?"

"கேள்வியைப் படி. 'உங்கள் பகுதியில்'னுதானே இருக்கு?"

வராந்தாவில் அவள் அய்யாவோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவள் தலை மட்டும் தெரிந்தது. நிமிரவே இல்லை. பதினோரு பக்கம் எழுதியிருக்கிறாள். எத்தனை ஆட்டுக்கு எவ்வளவு காடு, எந்த மாதம் கிடை தொடங்கும், மழைக்கு முன்னால் ஏன் உழ வேண்டும் என்று எல்லாம். மூத்திரத்தையும் எழுதினாளாம். படித்து முடித்த மேடம் வெளியே வந்து, "உங்களை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லணும்" என்று அய்யாவிடம் சொன்னார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். முத்துமாரி அந்தப் பரீட்சையை எழுதினாள், பாஸானாள். புதியம்புத்தூர்ப் பேச்சு அதோடு நின்றது. முருகனுக்கு அரோகரா.

ஆனால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் பிறத்தியாருக்கு நான் எழுதிய விடை மாதிரிதான் ஆகும். அவளுக்கு ஏற்கெனவே மூன்று பாடத்தில் அரியர் இருந்தது. மூன்றுக்கும் அசைன்மென்ட் எழுதியவள் நான். நல்ல மார்க் வாங்கித் தந்தேன், ஒரு வரி சொல்லித் தரவில்லை. கூடப் படித்தவர்கள் இந்த வருடம் பி.எட். சேர்ந்துவிட்டார்கள். இவளுக்கு இன்னும் இரண்டு பாக்கி. ஒரு வருடம் போயிற்று. அந்த வருடத்தைத் தின்றவள் நான். எத்தனை தரம் கழுகுமலைக்கு நடந்தாலும் அது திரும்பி வராது. பேர் தெரியாத இன்னும் எத்தனை பிள்ளைகளிடம் இப்படித் தின்றேனோ, அவர்களைத் தேடிப் போக எனக்கு விலாசமும் இல்லை.

இப்போது நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை. கடையின் ஓரத்தில் ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு. கேள்வியோடு வருகிற பிள்ளையிடம், "முதல்ல நீ என்ன நெனைக்க, அதச் சொல்லு" என்பேன். பாதிப் பேர், "போங்கக்கா, போன்ல கேட்டா ஒரு நிமிசத்துல எழுதித் தந்துரும்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்புதான். மீதிப் பேர் உட்காருகிறார்கள்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தப்புச் செய்துவிட்டு முருகனிடம் போனால், மறைத்து வை என்று வேண்டாதீர்கள். அவன் மறைத்தும் வைப்பான், அதைத் தாங்குவது கஷ்டம். வாயைத் திறக்க வை என்று வேண்டுங்கள். பயப்படாமல் நம்பிக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவன் உங்களுக்கும் கொடுப்பான்.

போன வாரம் முத்துமாரி அரியர் பாடத்துக்குப் படிக்கப் புது நோட்டோடு வந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள். பழக்க தோஷம், என் கை தானாகப் பேனாவோடு இடது மூலைக்குப் போய்விட்டது. அவள் என் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டும்க்கா. நானே வரைஞ்சுக்கிடுதேன்."

வரைந்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. நான் திருத்தவில்லை.