நான் சொல்லாமல் விட்ட விண்ணப்பம்

திருத்தணியில் எங்கள் சபைக்கு அந்நாளில் ஆலயம் இல்லை. இருபது பேருக்கு மேல் ஆட்களும் இல்லை. புதன்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வீடு மாறிக் கூடுவோம். வந்தவர்கள் முதலில் தங்கள் விண்ணப்பங்களைச் சொல்வார்கள். சபையை நடத்திய உபதேசியார் ஒவ்வொன்றையும் ஒருவரிடம் ஒப்படைப்பார். பிறகு எல்லாரும் முழங்காலிட, அவரவர் தமக்குக் கிடைத்ததை மட்டும் ஜெபிப்பார்கள். ஒருவருடையதை மற்றொருவர் தொடுவதில்லை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இருபது பேரும் மழை வேண்டும் என்று மட்டுமே ஜெபித்துவிட்டு எழுந்துவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சென்னையில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். இயல்பில் நான் அதிகம் பேசுபவள் அல்ல. ஜெபத்தில் மட்டும் எனக்குச் சொற்கள் தடைப்பட்டதில்லை. நான் ஜெபித்தால் நன்றாக இருக்கும் என்று சபையில் ஒரு பேச்சு இருந்தது. அதை அறிந்தே இருந்தேன்; அறியாதவள்போல நடந்துகொண்டேன்.

அந்தப் புதன்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். கிருத்திகை நாளானதால், மலைக்குப் போகும் காவடிக் கூட்டத்தின் மேளம் தெருவை நிறைத்திருந்தது. கே.ஜி.கண்டிகையிலிருந்து நடந்து வரும் அக்கா ஒருவர் கதவோரம் உட்கார்ந்திருந்தார். நெல் அவிக்கும் களத்தில் வேலை செய்பவர். அவர் கணவர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய், மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. அந்த விண்ணப்பத்தை உபதேசியார் என்னிடம் ஒப்படைத்தார்.

நானோ பிற்பகலிலேயே ஒரு ஜெபத்தைக் கட்டி வைத்திருந்தேன். வானத்தை விதானமாக விரித்தவரே என்று தொடங்கி, கடலுக்குக் கரை வகுத்ததையும் கண்ணீருக்குக் கணக்கு வைத்திருப்பதையும் சொல்லி, அடுக்கடுக்காக ஏறும் ஜெபம். மேளச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஒரு சொல் பிசகாமல் முடித்தேன். ஆமென் என்ற ஒலியில் அறை அதிர்ந்தது.

நைனா (அப்பாவை அப்படித்தான் அழைப்பேன்) சுக்குக் காப்பி கொண்டுவந்தார். "கேட்டுகினே இருக்கலாம் போல இருந்திச்சும்மா. எனக்கு முட்டி வலிகூட தெரியல" என்றார் ரயில்வேக்காரர் மனைவி. "உன் முட்டி வலிக்கும் சேத்து ஜெபம் பண்ணுச்சோ என்னமோ" என்றார் அவர் கணவர். நான் தலைகுனிந்து சிரித்தேன். மனம் நிறைந்திருந்தது.

தம்ளரை வைக்க முற்றத்துக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"பாப்பா, தப்பா நெனச்சிக்காத. எங்க வூட்டுக்காரரப் பத்தி எந்த எடத்துல சொன்ன? பெரிய தமிழ்ல சொல்லிட்டியா? எனக்குப் புரியல."

அவரைப் பற்றி நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. கடலுக்குக் கரை வகுத்தவர் என்ற வரியைக் காட்டி, அதில்தான் உங்கள் வீட்டுக்காரர் வருகிறார் என்று சொல்லியிருக்கலாம்; அக்கா நம்பியிருப்பார். அந்தப் பொய் நாக்கின் நுனி வரை வந்ததை இப்போதும் வெட்கத்துடன் நினைவுகூர்கிறேன்.

"சொல்லலக்கா. மறந்துட்டேன்."

"மறந்துட்டியா!" அவர் பெருமூச்சு விட்டார். "ஆங், அதானே பாத்தேன். காது கொடுத்துத்தான் கேட்டுகினு இருந்தேன். எங்க காணோமேன்னு ஒரே கலக்கம்."

"இங்கேயே இப்ப ஜெபிச்சிடவா?"

அவர் தயங்கினார். "நீ ஒருத்தி சொன்னாலும் ஆண்டவர் கேப்பாரு. ஆனா அவ்ளோ பேரு ஆமென்னு சொல்லணும்னுதான் கண்டிகையிலேருந்து நடந்து வந்தேன்."

நான் செய்ய வேண்டியது தெளிவாகவே இருந்தது. உள்ளே என்னைப் புகழ்ந்துகொண்டு காப்பி குடிப்பவர்களிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். முற்றத்திலிருந்து அறைக்கு ஏழெட்டு அடிதான்.

"அக்காவோட விண்ணப்பத்தை நான் சொல்லவே இல்லை. இன்னொரு தடவை முழங்கால் போட முடியுமா?"

நைனா என்னை வியப்போடு பார்த்தார். "நானும் கவனிக்கலையேம்மா," என்று உபதேசியார் தம்ளரைக் கீழே வைத்தார். "முட்டி வலி தெரியலன்னியே, வா" என்று ரயில்வேக்காரர் தம் மனைவியை எழுப்பினார்.

"என்ன கேக்கணும்க்கா?" என்றேன். அதை அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"உசிரோட இருக்கணும். ஒரு கடுதாசி வரணும். போறப்ப பல்லுவலியோட போனாரு, அதுவும் சரியாவணும்."

அவற்றை அந்த வரிசையிலேயே சொன்னேன். பல்வலி என்ற சொல்லில் குரல் சற்றுத் தடுமாறியது. அத்தகைய சொல்லை என் ஜெபத்தில் அதுவரை சேர்த்ததில்லை. மூன்று வாக்கியங்களுக்குப் பின் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. யார் கேட்கிறார்கள் என்ற நினைப்பும் இருக்கவில்லை. நான் முடிக்குமுன்பே அக்கா ஆமென் என்றார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

இம்முறை என்னை யாரும் புகழவில்லை. "எந்தப் பல்லும்மா? கடவாப் பல்லா?" என்று ரயில்வேக்காரர் விசாரித்தார். எந்த ஊரிலிருந்து கடைசிக் கடிதம் வந்தது என்று உபதேசியார் கேட்டார். அக்கா கதவோரத்தை விட்டு நடுவில் வந்து உட்கார்ந்து, கணவர் லாரி ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். நைனா அவருக்கு இன்னொரு தம்ளர் காப்பி ஊற்றினார். நான் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.