வெங்காயத்தில் ஒட்டாத மாவு

ஏர் ஃபிரையரின் கூடையை வெளியே இழுத்துப் பார்த்த சத்தியசீலனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. வெங்காயம் வேறு, மாவு வேறாகப் பிரிந்திருந்தன. பஜ்ஜிக்குக் கரைப்பதுபோல் அவர் கரைத்திருந்த மாவு முழுவதும் கூடையின் துளைகள் வழியே ஒழுகி, அடியில் கருகிய தோசையாகப் படிந்திருந்தது. வளையங்களோ குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவைபோல் ஈரமாக, துவண்டுபோய்ச் சுருண்டு கிடந்தன. வீடெல்லாம் புகை. ஜன்னலைத் திறக்கப் போனவர் வழக்கம்போல வலது கையை நீட்டினார். கொக்கி விரலுக்குள் நிற்காமல் நழுவியது. இடது கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டித் திறந்தார்.

மலேசியாவில் தம்பின் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் எஸ்டேட்டில், பத்தொன்பது வயதிலிருந்து குலை வெட்டியவர் அவர். வீட்டுக் கூரையைவிட உயரமான மரங்களின் உச்சியில், நீண்ட கம்பின் நுனியில் மாட்டிய அரிவாளை எந்த மட்டைக்கு அடியில் கொடுத்து இழுத்தால் குலை எந்தப் பக்கம் விழும் என்பது அவர் கைக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு மட்டை மட்டும் அவர் நினைத்த பக்கம் விழவில்லை. காற்றில் திரும்பி வந்து வலது முன்கையின் மேல் இறங்கியது. எலும்பு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துப் பூட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் திரும்பவில்லை. கடைசி இரண்டு விரல்கள் மடங்குவதே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கும், ஆனால் எதைப் பிடித்தாலும் பிடித்ததே தெரியாது.

"மொதல்ல கை சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்லா," என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

அவர் மனைவி விமலா செனவாங் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடியும் முன்பே எஸ்டேட் முச்சந்திக்குக் கம்பெனி பஸ் வரும். பொழுது சாயும் நேரத்தில் அதே இடத்தில் இறக்கிவிடும். நாள் முழுக்க நின்றபடி வேலை. அந்த ஏர் ஃபிரையர், கம்பெனியின் ஆண்டு விருந்துக் குலுக்கலில் அவளுக்கு விழுந்தது. கொண்டுவந்த அன்று எல்லோருக்கும் காட்டினாள். பிறகு பெட்டியோடு அலமாரி மேல் ஏற்றி வைத்தவள், இறக்கவே இல்லை.

அதை இறக்கியது சத்தியசீலன். காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கை நன்றாக இருந்த காலத்தில் மாதம் ஒரு தடவை இருவரும் மோட்டார் சைக்கிளில் தம்பினுக்குப் போவார்கள். அங்கே சிக்கன் சாப் விற்கும் கடையில் அவர் சோறும் கறியும் சாப்பிடுவார். விமலா ஒரு தட்டு வெங்காய வளையம் மட்டும் வாங்குவாள். ஒவ்வொன்றாக எடுத்து, சில்லி சாஸில் தோய்த்து, கடிக்கும் சத்தம் தனக்கே பிடித்ததுபோல் கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டு தின்பாள். விபத்துக்குப் பிறகு அவரால் மோட்டார் ஓட்ட முடியவில்லை. கடைக்குப் போவதும் நின்றது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் அவரை உறுத்தியது.

மாவு ஒழுகிய அந்த முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க, என்னா கருகுது?"

"ஒன்னுமில்ல. ஆனியன் ரிங் போட்டேன்."

"நீங்களா?" பையைத் தோளிலிருந்து இறக்கவே மறந்து நின்றாள். "சுடுதண்ணி போடச் சொன்னாக்கூட முனகுவீங்களே!"

தட்டில் கொஞ்சம் தேறியவற்றைப் பொறுக்கி வைத்திருந்தார். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். வெந்த வெங்காயத்தின் இனிப்பைத் தவிர அதில் எதுவும் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

"நல்லாதான் இருக்கு," என்றாள்.

மறுநாள் கைப்பேசியில் ஒரு மலாய்க்காரப் பெண்ணின் வீடியோவைப் பார்த்தார். 'செனாங் சஜா' என்று சிரித்தாள். சுலபம்தான், சுலபம்தான் என்று பேச்சுக்குப் பேச்சு சொன்னாள். கரைத்த மாவு கூடாதாம். முதலில் உலர்ந்த மாவு, அடுத்து அடித்த முட்டை, கடைசியில் ரொட்டித் தூள். அவள் விரல்கள் வளையத்தை எடுத்துப் புரட்டி வைப்பதைப் பார்த்தால், பூ எடுத்து வைப்பதுபோல இருந்தது. சத்தியசீலனுக்கு வெங்காயத்தை வெட்டவே அரை மணி நேரம் ஆயிற்று. வலது கை வெங்காயத்தை நிலையாகப் பிடிக்காது. இடது கைக்குக் கத்தி பழக்கமில்லை. ஒரு வளையம் தடித்தது, அடுத்தது காகிதமாகப் போனது. பிரித்து எடுக்கும்போது பாதி அறுந்தன.

எப்படியோ மாவில் புரட்டி, முட்டையில் நனைத்து, தூளில் அமுக்கி, கூடையில் அடுக்கினார். சூட்டை இருநூறில் வைத்தார். வெளியே எடுத்தபோது வளையங்கள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஒன்றைக் கடித்ததும் வெங்காயம் முழுசாக வழுக்கி வாய்க்குள் போய்விட்டது. வெளிக்கூடு கையிலேயே நின்றது.

வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய சவ்வு இருக்குமாம். அதை உரிக்காவிட்டால் மாவு ஒட்டாதாம். அந்தப் பெண் நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளி, நூலாக இழுத்துப் போட்டாள்.

சத்தியசீலன் கிள்ளினார். விரல் சவ்வில் படுகிறதா, வெங்காயத்தில் படுகிறதா என்றே தெரியவில்லை. இடது கையால் முயன்றார். வலது கை வளையத்தைப் பிடிக்காமல் விட்டுவிட, அது மேசையில் உருண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை எடுத்த வளையத்தை நேரே குப்பைத் தொட்டியில் வீசினார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கும் விமலா சாப்பிட்டாள். அன்றைக்கும் "நல்லா இருக்கு" என்றாள். தண்ணீர் எடுக்க எழுந்து போய்த் திரும்பியவர் அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். வாயிலிருந்ததை அவள் ஒரு திசுத்தாளில் துப்பி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் காணாததுபோல் வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரம் முழுக்க இதே பாடுதான். ஒரு நாள் ரொட்டித் தூள் சிவக்கவே இல்லை, வாயில் மரத்தூளாக உதிர்ந்தது. இன்னொரு நாள் சீக்கிரம் முடிக்கலாம் என்று கூடையை நிறைத்துப் போட்டதில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழத்தது. வெங்காயம் தீர்ந்தபோது பக்கத்து வீட்டு ராமகிருஷ்ணனிடம் வாங்கிவரச் சொன்னார். ராமகிருஷ்ணன் அவரைவிட மூத்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பழைய கார் ஒன்று வைத்திருந்தார்.

வெங்காயத்தைக் கொடுக்க வந்த ராமகிருஷ்ணன் வாசலில் நின்றபடியே கேட்டார். "சீலா, ஆஸ்பத்திரிக்குப் போற நாளு நாளைக்குத்தானே? நானும் தம்பின் பாசாருக்கு மீன் வாங்கத்தான் போறேன், ஏறிக்க."

"இல்லண்ணே, தேதிய மாத்திட்டாங்க."

"போன தடவையும் அப்படித்தானே சொன்ன?"

"அங்க ஆள் பத்தலையாம், அடிக்கடி மாத்துறாங்க," என்று சொல்லிவிட்டு வெங்காயப் பையோடு உள்ளே போய்விட்டார்.

தேதி எதுவும் மாறவில்லை. அவர்தான் போவதை நிறுத்தியிருந்தார். தம்பின் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில் அவர் முன்னால் துளை போட்ட பலகை ஒன்றை வைத்தார்கள். சின்னச் சின்னக் குச்சிகளை எடுத்து அந்தத் துளைகளில் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு குச்சி உள்ளே போக அவருக்கு வியர்த்துவிட்டது. போனதும், மகள் வயதுள்ள ஒரு பெண் கை தட்டி, "பண்டாய், அங்கிள்!" என்றாள். கெட்டிக்காரராம். அறையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவளை முறைத்தார். ஒரு டன் பழத்தை ஒரு மத்தியானத்துக்குள் தரையிறக்கிய கைக்கு, ஒரு குச்சிக்காகக் கைதட்டு. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. அதுவும் அடுத்தவர் காரில், கைக்குழந்தைபோல் ஏறிப் போய் இறங்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் விமலா வந்தபோது முகம் சரியில்லை. பையை நாற்காலியில் வைத்தாள். மேசையில் தட்டு தயாராக இருந்தது. அவள் உட்காரவில்லை.

"சாப்பிடு. இன்னிக்கி பரவால்ல," என்றார் அவர்.

"எனக்கு வேணாங்க."

"ஒன்னு தின்னு பாரு."

"வேணாம்னா விடுங்களேன்!" குரல் உயர்ந்தது. "ஒரு வாரமா இந்தச் சவசவத்த வெங்காயத்தத்தான் தின்னுக்கிட்டு இருக்கேன். நாள் பூரா நின்னுட்டு வந்து இத முழுங்க முடியல."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்புறம் ஏன் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு பொய் சொன்ன?"

"நீங்க ஏன் ஆஸ்பத்திரியில தேதிய மாத்திட்டாங்கன்னு பொய் சொன்னீங்க?"

அவர் தட்டை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையில பஸ்ஸுக்கு நிக்கும்போது முச்சந்தியில ராமகிருஷ்ணன் அண்ணன் கேட்டாரு. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுப் பாத்தியான்னு. பிரேக்ல கூப்பிட்டுக் கேட்டேன். மூணு தடவ வரலையாம். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க?"

"அங்க போயி என்னா செய்ய? குச்சி செருகச் சொல்றாங்க. கை தட்டுறாங்க. நான் என்ன, பாலர் பள்ளிப் புள்ளையா?"

"இங்க நாள் பூரா வெங்காயத் தோலோட மல்லுக்கட்ட முடியுது. அங்க ஒரு மணி நேரம் உக்கார முடியாதா? ஒங்கள ஆனியன் ரிங் செய்யச் சொல்லி யாருங்க கேட்டா?"

"நீ கேக்கல. ஒனக்குப் பிடிக்குமேன்னு செஞ்சேன்," என்றார். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அது மன்னிப்புக் கேட்பதுபோல ஒலித்தது.

விமலா நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "எனக்குப் பிடிச்சது கடைக்குப் போறது," என்றாள் கடைசியில். "ஒங்க பின்னால ஒக்காந்துக்கிட்டுப் போறது. வெங்காயம் இல்ல."

அவர் எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினார். ஏர் ஃபிரையரைக் கழுவித் துடைத்து, பெட்டிக்குள் தள்ளி மூடி, அலமாரி மேலேயே ஏற்றிவிட்டார்.

ராமகிருஷ்ணன் வீட்டுக் கதவைத் தட்ட அவருக்குச் சில நாட்கள் பிடித்தன.

"அண்ணே, தம்பின் பக்கம் எப்பப் போறீங்க?"

ராமகிருஷ்ணன் காரணம் கேட்கவில்லை. சாவியை மட்டும் தேடினார்.

ஆஸ்பத்திரியில் அதே பெண் இருந்தாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டாள். அவர் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். முன்பு ஓரளவு மடங்கிய விரல்கூட இப்போது இறுகிவிட்டதாம். விட்ட இடத்தைப் பிடிக்கவே மாதங்கள் ஆகுமாம். பழையபடி அரிவாள் பிடிக்க முடியுமா என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். சொல்ல முடியாது, ஆனால் வராவிட்டால் நிச்சயம் முடியாது என்றாள். அந்தப் பதிலும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் சிரித்து மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது. குச்சிகளை எடுத்தார். பாதிக்கு மேல் கீழே விழுந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கினார். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. முன்பு தான் முறைத்த முறைப்பை அவள் மறக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விமலா வீட்டில் இருந்தாள். துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள் பெட்டியைத் தானே இறக்கினாள்.

"இன்னொரு தடவ பாப்போமா?"

"ஒனக்குத்தான் வேணாமே."

"சவசவன்னு இருந்தாத்தான் வேணாம்."

வெட்டிய வளையங்களை அவள் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டாள். சவ்வு கொஞ்சம் தளர்ந்தது. அதை அவளே உரித்து, துணியில் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். தான் செய்ய முடியாததை அவள் கதை பேசிக்கொண்டே செய்வதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் ரொட்டித் தூளை வாணலியில் போட்டு, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி, இளம் சிவப்பாக வறுத்தார். இந்த மெஷின் காற்றைத்தான் ஊதுகிறது, எண்ணெயை நாம்தானே கொடுக்க வேண்டும் என்பது வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் அவருக்கு உறைத்த விஷயம். மாவிலும் முட்டையிலும் தூளிலும் இடது கையால் புரட்டி, தட்டில் பரப்பி, குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு ஒன்றையொன்று தொடாமல் கூடையில் அடுக்கினார்.

முதல் ஈடு பொன்னிறமாக வந்தது. இரண்டு வளையங்கள் மட்டும் கூடையோடு ஒட்டிக்கொண்டன. கரண்டியால் நெம்பியதில் கிழிந்து போயின. "சே, பாரு!" என்று கரண்டியை எறிந்தார். விமலா நல்லதாக ஒன்றை எடுத்துக் கடித்தாள். மொறுக்கென்ற சத்தம் அவருக்கும் கேட்டது.

"எப்படி?"

"உப்பு கம்மி," என்றாள். ஆனால் இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

ராமகிருஷ்ணனுக்கு ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். அவர் ஒன்றைத் தின்றார், இன்னொன்றையும் தின்றார், தட்டைக் காலி செய்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாதான்லா இருக்கு. ஆனா இதுக்கு இம்மாம் பாடா? கடையில பாக்கெட்ல விக்குதே, வாங்கி அப்படியே போட்டுற வேண்டியதுதானே?"

சத்தியசீலன் காலித் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் ராமகிருஷ்ணன் சொன்னதை அப்படியே விமலாவிடம் ஒப்பித்தார். அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது ஈட்டைக் கூடையில் அடுக்க ஆரம்பித்தார். அவள் சிரிப்பை நிறுத்தாமலேயே, "நெருக்கிப் போடாதீங்க, கொழகொழத்துரும்," என்றாள். "எனக்குத் தெரியும்," என்று சீறினார். ஏற்கெனவே நெருக்கமாகத்தான் வைத்திருந்தார். முணுமுணுத்துக்கொண்டே இரண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கூடையை உள்ளே தள்ளினார்.