படத்தில் ஒன்றும் இல்லை

காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கும் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "படத்துல ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவீர்களா? கிளம்புவீர்கள். அப்படிக் கிளம்புகிறவர்களைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்து அலுத்துப்போனவர் ஒருவர் இருக்கிறார். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண். எல்லோருக்கும் படக்காரம்மா.

ஜன்னல் இல்லாத அறை. நாளுக்கு நூறு படம். கதிர்வீச்சைத் தடுக்க அணியும் ஈய உடுப்பின் கனம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கி வலியாகத் தங்கிவிட்டது. தூக்கத்திலும் "மூச்சைப் பிடிங்க" என்கிறாராம். "பிடிக்கச் சொல்லிட்டு, விடச் சொல்லாம திரும்பிப் படுத்துக்கறா" என்பது கணவரின் புகார்.

எலும்பிலோ மூட்டிலோ கிருமி புகுந்தால் முதல் பத்து நாள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தெரியவரும்போது எலும்பு அரித்திருக்கும். படக்காரம்மாவுக்கு இது தெரியும். ஆனால் படம் எடுப்பது மட்டும்தான் அவர் வேலை, நோயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலு வயதுப் பெண் ஒருத்தியைத் தாய் தூக்கி வந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல். மேசையில் கிடத்தியதும் குழந்தை கத்தினாள். அடம்பிடிக்கும் குழந்தை இரண்டு காலாலும் உதைக்கும். இவள் இடது காலால் மட்டும் உதைத்தாள். வலது கால் மடங்கி, வெளிப்பக்கம் சாய்ந்து, அப்படியே கிடந்தது.

படம் சுத்தமாக வந்தது. டாக்டர் சுளுக்கு என்று எழுதி அனுப்பிவிட்டார். "ஒண்ணும் இல்லையாம்க்கா" என்று அறை வாசலில் தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் படக்காரம்மாவால் தாங்க முடியவில்லை. உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளை டாக்டரிடம் திரும்ப அழைத்துப்போனார்.

"சார், இந்தப் பாப்பாவுக்கு ரத்தம் பாக்கணும். இடுப்பு மூட்டுக்கு ஸ்கேனும்."

"படம் நார்மல். நீங்க எடுத்ததுதானே?"

"நான் எடுத்ததுதான் சார். அதனாலதான் நம்பாதீங்கன்னு சொல்றேன்."

"அப்ப என் நாற்காலியில நீங்களே உக்காருங்களேன்."

"உக்கார முடியாது சார், இடுப்பு வலி. அந்தக் காலை மட்டும் மெதுவா உள்பக்கம் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். குழந்தையின் அலறலில் வெளியே வரிசையே அடங்கியது. இளம் டாக்டர் ரத்தத்துக்கும் ஸ்கேனுக்கும் சீட்டு எழுதினார். ஸ்கேனில் மூட்டுக்குள் நீர் தெரிந்தது. ஊசியில் இழுத்தால் சீழ். எந்தக் கிருமி என்று அறிய, மருந்து ஏற்றும் முன்பே ரத்தமும் சீழும் ஆய்வகத்துக்குப் போயின. அன்று மாலையே மூட்டைத் திறந்து கழுவினார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் தொடை எலும்பின் தலை கரைந்து, ஆயுசுக்கும் நொண்டியிருப்பாள்.

மறுவாரம் படக்காரம்மாவுக்கு மெமோ வந்தது: தகுதியை மீறி ஆலோசனை சொன்னது ஏன்? ஒரே டாக்டரிடம் நாளுக்கு இருநூறு நோயாளிகளைத் தள்ளிவிட்ட மேலதிகாரிகளுக்கு எந்த மெமோவும் போகவில்லை.

"வேலை போயிடுமா?" என்றார் கணவர்.

"போகாது. வேற ஊருக்குத் தூக்கிப் போடுவாங்க. அங்கயும் இதே மெஷின்தான்."

காய்ச்சலில் கிடக்கும் குழந்தை கையையோ காலையோ அசைக்க மறுத்தால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கேளுங்கள், செய்யும்வரை நகராதீர்கள். உங்களுக்காக வாய் திறந்த ஊழியருக்கு மெமோ வந்தால், அவர் பக்கம் நின்று மேலதிகாரிக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள்.