செவ்வந்தி வாசம் அடித்த பிளாஸ்டிக்

தாராவியில் பிளாஸ்டிக் பிரிக்கிறவர்களுக்கு மூக்குதான் முதல். ஒரு சில்லை உடைத்துக் கொளுத்துவார்கள், ஊதி அணைப்பார்கள், புகையை முகர்வார்கள். மெழுகுவத்தி வாசம் வந்தால் ஒரு மூட்டைக்குப் போகும், தொண்டையைக் கடித்தால் வேறொரு மூட்டைக்கு. பன்னிரண்டு வருஷம் இந்த வேலை பார்த்த ஆறுமுகத்தாயின் மூக்குக்கு அந்தச் சந்து முழுக்கப் பேர். பக்கத்துக் கிடங்கு முதலாளிகளே சந்தேகம் வந்தால் சில்லோடு அவளிடம் வந்து நிற்பார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அரைக் கிளாஸ் கட்டிங் டீ கைக்கு வந்த பிறகுதான் பதில் சொல்வாள்.

அந்த மூக்கை நம்பித்தான் சொந்தத் தொழிலில் இறங்கினாள். தொண்ணூறு அடி ரோட்டில் ரஹ்மத்துல்லா பாய் மின்சார சைக்கிள்களுக்குப் பேட்டரி கட்டிக் கொடுக்கிறார். விரல் தண்டி செல்கள் ஐம்பது சேர்ந்தால் ஒரு பேட்டரி. செல்லும் செல்லும் உரசக்கூடாது. உரசினால் மேலே சுற்றிய உறை தேயும், தேய்ந்தால் தீதான். பசை போட்டு ஒட்டி விற்கிற புண்ணியவான்கள் உண்டு; பாய்க்கு அது ஒப்பவில்லை. செல்களைத் தனித்தனிக் குழியில் நிறுத்துகிற ஹோல்டரைக் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை என்று அவர் ஒருநாள் புலம்ப, "நான் செஞ்சு தாரேன் பாய்" என்றாள் ஆறுமுகத்தாய்.

மாடியறையில் கையால் அழுத்துகிற மோல்டிங் மிஷினை வைத்தாள். பணியாரச் சட்டி மாதிரி வரிசையாகக் குழி விழும் அச்சு ஒன்றை வெட்டவைத்தாள். பழைய கம்ப்யூட்டர் கூடுகளை அரைத்து உருக்கினாள். ஐந்து மாதம் வந்ததெல்லாம் கோணல். கோணியதைத் திரும்ப அரைத்தாள், திரும்ப உருக்கினாள். ஆறாவது மாதம் செல் குழிக்குள் போய் நச்சென்று உட்கார்ந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கம்ப்யூட்டர் கூட்டுக்கும் டிவியின் பின்மூடிக்கும் பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. முன்னது குலுக்கலைத் தாங்கும், பற்றினாலும் தானே அணையும். பின்னது சீக்கிரம் விரிசல் விடும், பற்றினால் எரிந்துகொண்டே இருக்கும். கொளுத்தி முகர்ந்தால்தான் குட்டு வெளிப்படும். கூட்டில் ரப்பர் கருகுகிற நெடி வரும். டிவி மூடியில் லேசாகச் செவ்வந்தி வாசம்.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அந்த மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் கரிந்து, பக்கத்து வீட்டு மாலதி ஓடிவந்து அணைத்தபோதுதான் ஆறுமுகத்தாய்க்கே அது தெரிந்தது. திரும்பி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மூக்குப் போனவளைத் தாராவியில் யார் மதிப்பார்கள்? சில்லைக் கொளுத்தி முகத்தருகே கொண்டுபோய்த் தலையை ஆட்டுவாள். உண்மையில் தரையில் போட்டு, விழுகிற சத்தத்தை வைத்துத்தான் பிரித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எட்டு மாதம் மறைந்தது.

ஒரு காலையில் பாய் மங்கல் நிற ஹோல்டர் ஒன்றோடு வந்தார். குழியிலிருந்து குழிக்கு விரிசல் ஓடியிருந்தது.

"ரிப்பேருக்கு வந்த சைக்கிளுல இருந்துச்சுக்கா. ரோடு பூரா குண்டும் குழியும். ஒங்க மேல குத்தமில்ல. காட்டுவோமேன்னு கொண்டாந்தேன்."

தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆனாலும் அவள் ஹோல்டரின் ஓரத்தை உடைத்தாள், கொளுத்தினாள். ஊதி அணைத்து அவரிடமே நீட்டினாள்.

"மோந்து பாருங்க பாய்."

"நானா? ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

"சும்மா பாருங்க."

அவர் முகர்ந்தார். "என்னமோ பூ வாசன மாதிரில்லா இருக்கு!"

ஆறுமுகத்தாய் சில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "பாய், எனக்கு மூக்கு செத்துப்போயி எட்டு மாசம் ஆவுது. இது டிவி மூடி. தெரியாம உருக்கிட்டேன்."

மற்ற மூட்டைகளில் ஊற்றிய ஹோல்டர்களையும் பாய் உடைத்துக் கொளுத்தி முகர்ந்தார்; எல்லாம் ரப்பர் நெடிதான். இந்த மங்கல் நிறத்தில் அவள் ஊற்றியது ஒரே ஒரு மூட்டை. அதில் முப்பத்திரண்டு பேட்டரி கட்டி, எல்லாம் விற்றாகிவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிற ஆட்களிடம் அவை ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

"வெளிய மூச்சு விடாதீங்க," என்றார் கடைசியில். "ரிப்பேருக்கு வரும்போது ஒண்ணொண்ணா மாத்திருவோம். எனக்கும் பேருன்னு ஒண்ணு இருக்குல்லா."

"வாரதுக்குள்ள எரிஞ்சா? பேரு போனாப் போவுது பாய். ஆளு போனா யாரு தருவா?"

மறுநாள் முதல் அவள் மிஷினைத் தொடவில்லை. மாட்டுங்காவிலும் தாதரிலும் ஓட்டல் வாசல்களில் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் சைக்கிள்காரர்களிடையே போய் நின்றாள். பாயின் பேட்டரி என்றால் விடவில்லை. "பேட்டரியக் கழத்திப் பாயி கடைல குடு தம்பி. ஹோல்டர நான்தான் செஞ்சேன், தப்பாச் செஞ்சுட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஹிந்தியில் திட்டினார்கள், தமிழில் திட்டினார்கள். வாங்கிக்கொண்டாள். சேதி அவளுக்கு முன்னால் தாராவிக்கு வந்து சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீ வாங்கிக் கொடுத்த கிடங்கு முதலாளிகள் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். அது வலித்தது. ஆனாலும் நிற்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பாயும் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டுப் பேட்டரிகளைப் பிரிக்க உட்கார்ந்தார்.

பதினாறு நாளில் முப்பத்தொன்று வந்துவிட்டன. மிச்சம் விக்ரோலியில் இருக்கும் வேல்ராஜ். போன் எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் விலாசம் விசாரித்துப் போனார்கள்.

ஒற்றை அறை வீடு. ஒரே ஒரு வாசல். அந்த வாசலை அடைத்தபடி சைக்கிள் சார்ஜில் நின்றது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மாசமா ஓட்டுதேன், ஒண்ணும் ஆவல," என்றான் வேல்ராஜ். "இன்னைக்கு சண்டே. ஆர்டர் நெறைய வரும். கழத்தமாட்டேன்."

பாய் கெஞ்சினார். அவன் மசியவில்லை. ஆறுமுகத்தாய் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். பேட்டரிப் பெட்டியில் முதுகு சாய்ந்தது.

"என்னக்கா பண்ணுதிய?"

"நீ சார்ஜ் போடு தம்பி. முடியுத மட்டும் நான் இங்கனயே இருக்கேன். எரிஞ்சா மொத ஆளா நான் எரிஞ்சுட்டுப் போறேன். உள்ள கெடக்க பச்சப்புள்ள எதுக்கு?"

அவன் முறைத்தான், போனைப் பார்த்தான், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான். அவள் அசையவில்லை. அரைமணி நேரம் கழித்து அவனே பிளக்கைப் பிடுங்கினான்.

பாய் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் தெருவில் வைத்துத் திறந்தார். மூன்றாவது வரிசை பிளந்திருந்தது. இரண்டு செல்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நின்றன. இரண்டிலும் உறை தேய்ந்து இரும்பு பளபளத்தது. நடுவில் ஒரு நூல் இடைவெளி.

வேல்ராஜ் அதைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். சத்தம் கேட்டுக் குழந்தை விழித்து அழுதது. அவன் உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்தது.

"புது ஹோல்டர் எப்பக்கா வரும்?"

"பொதங்கெழம. மாலதி மோந்து பாத்துச் சரின்னு சொன்னதும்."

"யாரு மாலதி?"

"பக்கத்து வீட்டுப் பிள்ள. இனி எனக்கு மூக்கு அவதான். அவ சொன்ன பெறவு நானும் கொளுத்தி, ஊதாம விட்டுப் பாப்பேன். பத்து எண்ணுததுக்குள்ள தானா அணையணும். இல்லன்னா அச்சுக்குப் போவாது."

வேல்ராஜ் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"நல்லா மோந்து பாக்கச் சொல்லுங்கக்கா," என்றான்.