சோப் போட்டுக் கழுவின ஹார்ட் டிஸ்க்

வாசனை

லெப்டொப்பின் அடிமூடியைக் கழற்றினேன், சோப் வாசனை வந்தது. என்னைப் போல ரிப்பேர் கடையில் நிற்கிற உங்களுக்குத் தெரியும், உள்ளே பிஸ்கட் தூள் வரும், எறும்பு வரும், செத்த பல்லிகூட வரும். நுரை வரக் கூடாது.

கொண்டுவந்தவர் செல்வி அக்கா, பலாபத்வலைக்கு மேலே மலையில் இருந்தவர். மண்சரிவில் வீடு மொத்தமாகப் போய்விட்டது, இப்போது தங்கச்சி வீட்டில் இருக்கிறார். சேற்றில் மிஞ்சியது மகளுடைய லெப்டொப் மட்டும். அதைப் பைப்படியில் வைத்துத் தேய்த்துக் கழுவி, தகரத்தில் காயப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். “ஏன்க்கா கழுவுனீங்க?” என்று கத்தியேவிட்டேன்.

“அவ்வளவு சேத்தோட கொண்டாந்தா கடையில என்னைய என்ன நெனப்பீங்க தம்பி?”

எங்க இருந்தோம்

அதில் இருக்கிற போட்டோ வேண்டும் என்றார். “போட்டோதானே, போனா போகுது” என்றேன். எனக்கு வாய் அப்படி. முதலாளி ரிஸ்வான் நானா என் தலையில் ஒன்று தட்டினார்.

அக்கா விஷயத்தைச் சொன்னார். வீடு கட்டின காணிக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. மாற்று வீடு கேட்டு அரசாங்க அலுவலகத்துக்குப் போனால், அந்த இடத்தில் வீடே இருக்கவில்லை என்கிறார்களாம். இருந்ததென்றால் திங்கட்கிழமை போட்டோ கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். நான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற ஆரம்பித்தேன்.

“வீடே இல்லன்னா, இவ்வளவு நாளா நாங்க எங்க தம்பி இருந்தோம்?”

சீலைக்குப் பின்னால்

ஹார்ட் டிஸ்க்கின் போர்டில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஸ்பிரிட் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்துக் கரண்ட் கொடுத்தேன். டிஸ்க் சுற்றியது! நானாவே “அல்லாஹ்!” என்றார். படங்கள் பெயரில்லாமல் வெறும் நம்பராக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

மகளுடைய சடங்குப் படம் அத்தனையும் இருந்தது. வீடு இல்லை. படம் வடிவாக வரட்டும் என்று பூசாத சுவரை முழுக்கச் சீலை கட்டி மறைத்திருக்கிறார்கள்! மற்றதெல்லாம் முகம், கேக், முகம்.

கடைசியில் ஓட்டோ வாங்கிய நாள் படம் வந்தது. மாலை, குங்குமம், டயருக்கடியில் தேசிக்காய். பின்னால் கதவு, ஜன்னல், கூரை என்று முழு வீடும் நிற்கிறது.

“ஓட்டோவத்தான் தம்பி எடுத்தோம். வீடு எங்க போயிரப்போகுதுன்னு இருந்துட்டோம்.”

கொடுத்து அனுப்பியது

ஓட்டோ படத்தைப் பிரிண்ட் எடுத்து, எல்லாவற்றையும் பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்தேன். கஸ்டமர் போனதும் நம் மெஷினில் உள்ள கொப்பியை அழித்துவிட வேண்டும். கடைச் சட்டம். “இப்பவே அழிச்சிருடா” என்று நானா சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

அக்கா பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என் கை அழுக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“போனவுடனே இத நல்லா கழுவி வச்சிருறேன் தம்பி.”

நானா அழிக்கச் சொன்ன கொப்பி இன்னும் எங்கள் மெஷினில் பத்திரமாக இருக்கிறது.