மாடியில் நெல், கீழே தையல்

வீடு நிற்பதற்காக இன்ஜினியருக்கு யாரும் நன்றி சொன்னதில்லை; விரிசல் விட்டால் மட்டும் எங்கள் போன் நம்பர் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

தஞ்சாவூரில் என் ஆபீஸ். அழகான முகப்பு, பூ ஜன்னல் இதெல்லாம் வரைந்து கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். தூணும் உத்தரமும் தளமும் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது நான். கூட வேலை பார்ப்பவர் அன்வர். அவர் அளப்பார், நான் திட்டு வாங்குவேன். நீங்களும் சொந்தக் கட்டடம் வைத்திருப்பவராக இருந்தால் கீழே வரும் கோவிந்தராஜ் அண்ணனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்கள் மொட்டை மாடியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

பாட்டில் மாட்டிய கம்பிகள்

கோவிந்தராஜ் அண்ணனுக்குத் திருவையாற்றுப் பக்கம் வயல். தஞ்சாவூரில் ஒரு மாடிக் கட்டடம். கீழே கஸ்தூரி என்ற பெண் தையல் கூடம் நடத்துகிறாள், மேலே வாடகைக்கு விடும் வீடு. அதற்கும் மேல் இன்னொரு மாடி போட வேண்டும், சிங்கப்பூரில் இருக்கிற பையன் வந்து தங்குவான் என்று என்னைக் கூப்பிட்டார். நேராக மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். ஒவ்வொரு தூணின் தலையிலும் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. நம் ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை? என்றாவது ஒருநாள் மேலே கட்டுவோம் என்ற நம்பிக்கையில் கம்பியை வெட்டாமல் விடுவோம். மழை இறங்காமல் இருக்கக் காலி பாட்டில்களைக் கவிழ்ப்போம். பிறகு அதில் கொடி கட்டித் துணி காயப்போடுவோம். நான் ஒரு கம்பியைச் சுத்தியலால் தட்டினேன். துரு பக்கோடா மாதிரி உதிர்ந்தது.

தூண், கம்பி விவரம் போட்ட வரைபடம் இருக்கிறதா என்று கேட்டேன். மேஸ்திரி மனசிலேயே வரைந்து கட்டினாராம். சரி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்றேன். "நல்ல ஆழம் மேடம். குழிக்குள்ள எறங்கி நின்னா மேஸ்திரி தலை வெளிய தெரியாது" என்றார் பெருமையாக. எனக்கு ஒரு சந்தேகம். மேஸ்திரி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். அண்ணன் கையைத் தன் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

"அவரு கொஞ்சம் குள்ளம்தாங்க."

சும்மா கிடக்கிற இடம்

கட்டடத்தைச் சுற்றி இவ்வளவு இடம் காலியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. காற்று வர, வெளிச்சம் வர, ஆபத்து என்றால் ஆட்கள் ஓட. மாநகராட்சிக்குக் காட்டிய காகிதத்தில் எல்லாரும் விட்டிருப்பார்கள். கோவிந்தராஜ் அண்ணனும் பக்கவாட்டில் விட்டிருந்தார். இப்போது அங்கே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பழைய மோட்டார், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், தார்ப்பாய், கால் உடைந்த கட்டில். தையல் கூடத்துக்கு இருந்த ஒரே பின்கதவு இந்தக் கொட்டகைக்குள்தான் திறக்கும். அதாவது, திறக்காது.

கஸ்தூரியிடம் எட்டுப் பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள் அண்ணே, முன்கதவு ஒன்றுதான் இருக்கிறது, இதைப் பிரிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்கு விளக்கினார்.

"நான் விவசாயி மேடம். எடம் சும்மா கெடந்தா எனக்குச் சோறு எறங்காது."

சிங்கப்பூர் சாவி

மேல் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், சாவி பையனிடம் இருக்கிறது, பையன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்றார். வாடகை வீட்டுச் சாவியைக் கடல் தாண்டி எதற்குக் கொண்டுபோனான் என்று கேட்க நினைத்தேன். மரியாதைக்காகக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பையனே வீடியோ காலில் வந்தான். தம்பி, உங்களுக்காகத்தான் அப்பா மாடி கட்டப் போகிறார், சாவியை மட்டும் அனுப்பி வையுங்கள் என்றேன். அவன் திருதிருவென்று முழித்தான்.

"சாவியா? அத விடுங்க மேடம், நான் ஊருக்கு வர்றதா யாரு சொன்னா?"

ரவிக்கைத் துணியில் விழுந்தது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கஸ்தூரி போன் செய்தாள். முன்கதவு சாத்தினால் திறக்க மாட்டேன் என்கிறது, கூரையில் கோடு விட்டிருக்கிறது என்றாள். போய்ப் பார்த்தேன். கோடு கூடத்தின் நடுவில் ஓடியது. பெண்கள் அதைப் பார்க்காமல் இருக்க அதன்மேல் சாமி படக் காலண்டர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். நம் டெல்டா களிமண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், கதவுகள் இறுகும். இந்தப் பாடத்தை நான் பலருக்கும் எடுத்திருக்கிறேன். அன்றைக்கும் எடுத்தேன். அன்வர் விரிசலின் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

கஸ்தூரி பாடத்தைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, வெட்டி வைத்திருந்த பட்டுத் துணியை விரித்துக் காட்டினாள். அதன்மேல் நாலைந்து நெல்மணிகள். மேலே அண்ணாந்து பார்த்தேன். எப்போதோ குழாய் இறக்கப் போட்டு, அடைக்காமல் விட்ட ஓட்டை ஒன்று இருந்தது.

"மேல வீடுன்னு சொன்னாங்கக்கா. வீட்டுலேர்ந்து நெல்லு கொட்டுமா?"

படுக்கையறையில் குறுவை

சாவி சிங்கப்பூரிலிருந்து பத்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அண்ணன் இடுப்பில்தான் இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே போக வழியில்லை. கூடம், படுக்கையறை எங்கும் சாக்கு மூட்டைகள், விட்டம் முட்ட அடுக்கியிருந்தன. அந்த வருஷக் குறுவை அறுவடை முழுக்க அங்கே இருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஊர் வீட்டில் ஒழுகல். கணவனும் மனைவியுமாகக் கிடைத்த வெயிலில் காயவைத்து, டிராக்டரில் ஏற்றி வந்து, மாடிக்குத் தூக்கிவிட்டார்கள். அன்வர் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வாசற்படியில் வைத்தார். திருஷ்டி கழிக்கிறார் என்று அண்ணன் கும்பிட்டார். பழம் மெதுவாக உருண்டு மூட்டைகளுக்கு நடுவே போய் மறைந்தது. தளம் நடுவில் தொய்ந்துவிட்டது. சரியாக அதற்குக் கீழேதான் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது ஆட்கள் குடியிருக்கப் போட்ட தளம், மூட்டைக்கு இல்லை என்றேன். மகள் நிச்சயதார்த்தத்துக்கு நூறு பேர் இங்கே நின்றார்கள், தாங்கியதே என்றார். நின்றார்கள், ஆனால் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி விட்டம் வரைக்கும் நின்றார்களா என்று கேட்டேன். அவர் விடுவதாக இல்லை. நனைந்தால் முளைத்துவிடும், வருஷச் சோறு போய்விடும் என்ற பயம் அவருக்கு. அது நியாயமான பயம்தான்.

"கட்டடம் பழசு, விரிசலும் பழசு. நெல்லு இப்ப வந்தது. அதுமேல ஏங்க பழி போடுறீங்க?"

மச்சான் மில்

தையல் கூடத்தை நான் அப்போதே காலி செய்யச் சொல்லிவிட்டேன். தீபாவளித் தையலை நடுவில் நிறுத்தியதற்காக வேலை செய்யும் பெண்கள் என்னைச் சபித்துக்கொண்டே போனார்கள். மூட்டைகளைத்தான் என்னால் அசைக்க முடியவில்லை. அசைத்தது அண்ணனின் மனைவி செண்பகம். "இந்தம்மா சொல்றது பொய்யா இருந்தா நமக்கு முதுகு வலியோட போச்சு. நெசமா இருந்தா கஸ்தூரி புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். பிறகு ஒரு ரகசியத்தை உடைத்தார். செண்பகத்தின் தம்பிக்கு ஊர் எல்லையிலேயே அரிசி மில், பெரிய கிடங்கு, சொட்டு ஒழுகாது. ஆனால் நிச்சயதார்த்தப் பத்திரிகையில் தன் பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று தம்பி கோபித்துக்கொள்ள, அண்ணனும் பதிலுக்குக் கோபித்துக்கொள்ள, மாமன் மச்சான் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

அந்த வீம்புதான் இவ்வளவு நெல்லையும் மாடியில் ஏற்றியிருக்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் காற்றின் பாரம், ஆட்களின் பாரம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. மாமன் மச்சான் கோபத்துக்கு இல்லை. செண்பகம் போன் போட்டு அண்ணன் காதில் வைத்துவிட்டார். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பேசினார்.

"மச்சான், இது நான் பேசல. நெல்லு பேசுதுன்னு வெச்சுக்க."

கதவு

முதலில் தளத்தைத் தாங்கக் கீழே முட்டுகள் நிறுத்தினோம். பிறகு மூட்டைகளை நடுவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு லாரிக்கு வழி பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் சுமைக்காரர்கள் மூட்டைகளைப் பால்கனியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து லாரியில் போடுவது சுலபமாம். பால்கனி என்பது கீழே தூண் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்பது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர்கள் மூட்டைகளை மறுபடி உள்ளே இழுத்துப் போட்ட அந்த நேரத்தில் கீழே டப் என்று ஒரு சத்தம். அன்வர் ஒட்டிய கண்ணாடி உடைந்துவிட்டது. "எல்லாரும் எறங்குங்க!" என்று அவர் கத்த, கீழே தையல் கூடத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணே, கதவு தொறக்கல!"

கஸ்தூரி. யாருக்கும் தெரியாமல் உள்ளே போயிருக்கிறாள். உத்தரம் அழுத்தி முன்கதவு இறுகிவிட்டது. பின்கதவு கொட்டகைக்குள். நான் பயந்துபோய்விட்டேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. கோவிந்தராஜ் அண்ணன் ஓடி வந்தார். கடப்பாரையை எடுத்து அவர் கட்டிய கொட்டகையை அவரே பிய்த்தார். தகரம் கையைக் கிழித்தது. மோட்டார், கட்டில், ஸ்பிரேயர் எல்லாம் தெருவுக்குப் பறந்தன. பின்கதவு திறந்து கஸ்தூரி வெளியே வந்தாள். அவள் வழக்கமாக உட்கார்ந்து தைக்கும் மெஷின்மேல் காரைக் கட்டி ஒன்று விழுந்து கிடந்ததை எட்டிப் பார்த்த செண்பகம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். உனக்கு அறிவிருக்கிறதா என்று நான் கத்தினேன். அவள் கையில் ஒரு பட்டு ரவிக்கை இருந்தது.

"நாளைக்கு முகூர்த்தம்க்கா. இதுக்கு இன்னும் கொக்கி வெக்கல."

கீரைப் பாத்தி

நெல் நல்லபடியாக மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மூட்டை நனையவில்லை. கட்டடத்துக்கு இரும்பு உத்தரம் கொடுத்து, விரிசலை அடைத்து, கதவைச் சரிசெய்தோம். இடத்தையும் மாற்றிவிட்டேன். ஆட்களுக்காகப் போட்ட மாடியில் இப்போது கஸ்தூரியின் தையல் கூடம். தரையில் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம் என்பதால் கீழே சம்பா நெல். பக்கவாட்டு இடத்தை மறுபடி காலியாக வைத்திருக்கிறாரா என்று பார்க்கப் போனேன். கொட்டகை இல்லை. அந்த இடம் முழுக்கப் பச்சைப்பசேல் என்று அரைக்கீரை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"ஆபத்துன்னா கீர மேல மிதிச்சு ஓடலாம்ல மேடம்? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கம்பிகள் மறுபடியும்

கடைசியாக மொட்டை மாடிக்குப் போனோம். இந்த அஸ்திவாரத்துக்கு இன்னொரு மாடி கிடையாது, பையனும் வரப்போவதில்லை, கம்பிகளை வெட்டிவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். வெட்டவில்லை. பெயின்ட் அடித்து, புது பாட்டில் மாட்டியிருந்தார். வெட்டினால் இனிமேல் இவன் கட்ட மாட்டான் என்று மச்சானுக்குத் தெரிந்துவிடுமாம். சரி, துணியாவது காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

படி இறங்கும்போது கஸ்தூரியின் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் போதும் என்று இருந்தது. அன்றைக்கு நாம் தப்பித்தது பெரிய விஷயம் அண்ணே என்றேன், மனசு நெகிழ்ந்து. தகரம் கிழித்த தழும்போடு இருந்த கையால் அவர் சுவரைச் செல்லமாகத் தட்டினார்.

"நீங்கதான் மேடம் பயந்துட்டீங்க. அவ்வளவு நெல்லு வெச்சும் விழுந்துச்சா பாருங்க? கண்ணாடி மட்டமான கண்ணாடி, அதான் ஒடஞ்சுது."

அன்பர்களே, எங்கள் தொழிலில் வெற்றி என்பது, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததற்காகவே பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கி, அந்த வீட்டு அரைக்கீரைக் கட்டோடு ஆபீஸ் திரும்புவதுதான்.